சிப்பாய்ச் சீருடையில் ஒரு குருமாணவர்



இறைவன் தம் ஊழியர்களை எங்கே வைத்து உருவாக்குகின்றார் என்பது நம் கணிப்புக்கு அப்பாற்பட்டது. தாவீதை அவர் ஆட்டுக்கிடையில் வைத்து உருவாக்கினார். தானியேலை அந்நிய அரசன் ஒருவனின் அரண்மனையில் வைத்து உருவாக்கினார். உலகச் சமாதானத்திற்காகத் தம் இறுதி மூச்சுவரை குரல் கொடுத்த திருத்தந்தை ஒருவரை அவர் துப்பாக்கிகளும் எக்காள ஒலியும் நிறைந்த படைமுகாம் ஒன்றிலே வைத்து உருவாக்கினார் என்றால் அது உங்களுக்கு வியப்பளிக்கலாம். நம் முதியவர்கள் அருளப்பர் என்று அன்போடு அழைத்த புனித 23ஆம் யோவான் அவர்களின் வாழ்வில், பலரும் அதிகம் அறியாத அந்தப் பக்கத்தை இவ்வாரம் புரட்டிப் பார்ப்போம்.

அஞ்சலோ ஜுசேப்பே ரொன்கல்லி என்பது அவரது இயற்பெயர். வட இத்தாலியின் பெர்காமோ நகருக்கு அண்மையிலுள்ள சொத்தோ இல் மோந்தே என்னும் சிற்றூரில் 1881ஆம் ஆண்டு நவம்பர் 25ஆம் திகதி பிறந்தார். பெற்றோர் பிறருடைய நிலத்தில் பயிரிட்டு, விளைச்சலில் பங்கு பெற்று வாழ்ந்த ஏழை விவசாயிகள். பெரிய குடும்பம், அதில் மூத்த ஆண்மகன் இவர். சிறுவனாகவே பெர்காமோ குருமடத்தில் சேர்ந்தார். 1901ஆம் ஆண்டு ஜனவரியில் மேற்படிப்புக்காக உரோமை நகரின் குருமடத்திற்கு அனுப்பப்பட்டார். அங்கே இறையியல் பயின்றுகொண்டிருந்த அவரை, அதே ஆண்டின் இறுதியில் அரசின் கட்டளை தேடி வந்தது. கட்டாய இராணுவ சேவைக்கு அவர் சமுகமளிக்க வேண்டும்!

குருமாணவர் ஒருவர் எவ்வாறு படையில் சேர்க்கப்பட்டார் என்று நீங்கள் கேட்கலாம். இத்தாலியில் குருமாணவர்களுக்கு இருந்த விலக்கு 1869ஆம் ஆண்டில் நீக்கப்பட்டிருந்தது. அதற்கு அடுத்த ஆண்டிலேயே இத்தாலியப் படை உரோமை நகரைக் கைப்பற்றியது. திருத்தந்தையர் வத்திக்கானைவிட்டு வெளியே வராதிருந்த காலம் அது. திருச்சபைக்கும் இத்தாலிய அரசுக்கும் இடையிலான அந்தப் பிணக்கு 1929ஆம் ஆண்டுவரை தீரவில்லை. ஆகவே, திருத்தந்தைக்குக் கீழ்ப்படிந்து குருவாக விரும்பிய இளைஞர் ஒருவர், அதே திருத்தந்தையிடமிருந்து உரோமையைப் பறித்த அரசின் சீருடையை அணிய வேண்டியிருந்தது. இரண்டு கடமைகளுக்கிடையே சிக்கித் தவித்த ஒரு தலைமுறையின் பிள்ளை அவர்.

ஓராண்டுத் தொண்டர் என்ற முறை ஒன்று அன்று இருந்தது. அரசுக்கு ஒரு தொகையைச் செலுத்தி, வழமையான நீண்ட சேவைக்குப் பதிலாக ஓராண்டோடு கடமையை முடித்துக்கொள்ளும் வழி அது. அஞ்சலோ அவ்வழியைத் தெரிந்துகொண்டார். 1901 நவம்பர் 30ஆம் திகதி பெர்காமோவில் நிலைகொண்டிருந்த 73ஆம் காலாட்படைப் பிரிவில் சாதாரண சிப்பாயாகச் சேர்ந்தார். எந்த நகரின் வீதிகளில் குருமாணவருக்குரிய நீண்ட அங்கியோடு நடந்தாரோ, அதே நகரில் இப்போது இடுப்புவாரும் துப்பாக்கியுமாக அணிவகுத்து நடந்தார். அப்போது அவருக்கு வயது இருபது.

சிப்பாயின் நாள் எக்காள ஒலியோடு விடிவது. படுக்கையை மடித்து அடுக்க வேண்டும். தங்குமிடத்தைக் கூட்ட வேண்டும். பொத்தான்களும் சப்பாத்தும் பளபளக்க வேண்டும். பின்னர் முற்றத்தில் மணிக்கணக்காக அணிவகுப்பு. இடம், வலம், நில், திரும்பு என்ற கட்டளைகளுக்கு உடல் தானாகவே பணியுமட்டும் அதே அசைவுகள் திரும்பத் திரும்ப நடக்கும். முதுகில் பொதி சுமந்த நீண்ட நடைப்பயிற்சியும், இலக்கு நோக்கிச் சுடும் பயிற்சியும், இராக்காவலும் முறைவைத்து வரும். துப்பாக்கியைப் பகுதி பகுதியாகக் கழற்றித் துடைத்து எண்ணெய் பூசிப் பூட்டுவது அன்றாட வேலை. உணவு, தகரப் பாத்திரத்தில் ஊற்றப்படும் கஞ்சியும் பங்கிடப்படும் பாணும். மாலையில் பெயர் கூப்பிடுதல். விளக்கணைந்த பின் ஒரே அறையில் வரிசையாகப் பலருடைய பெருமூச்சும் குறட்டையும். தனிமை என்பது சிப்பாய்க்குக் கிட்டாத செல்வம். மௌனத்திலும் செபத்திலும் வளர்ந்த இளைஞருக்கு இது எத்தகைய மாற்றம் என்பதைச் சிந்தித்துப் பாருங்கள்.

கடுமையான உடற்பயிற்சியைவிட அவரை வாட்டியது வேறொன்று. முகாமில் இறைவனின் பெயர் இகழப்பட்டது. பெண்களைப் பற்றிய பேச்சு அருவருப்பாக இருந்தது. ஏர்பிடிக்கும் குடும்பத்தில் பிறந்தவருக்கு வறுமையும் உழைப்பும் புதியவையல்ல. இத்தகைய பேச்சோ புதியது. அந்த ஆண்டைத் தமது பாபிலோனிய அடிமை வாழ்வு என்றே அவர் பின்னர் குறிப்பிட்டார். பதினான்கு வயதிலிருந்து எழுதிவந்த தமது ஆன்மீகக் குறிப்பேட்டில், படைமுகாமின் அழுக்கைக் கண்டு தாம் அடைந்த நடுக்கத்தையும், அதற்குள் விழுந்துவிடாமல் தம்மைக் காத்த இறைவனுக்குத் தாம் கடன்பட்டிருப்பதையும் மறைக்காமல் எழுதினார்.

ஆயினும், வெறுத்த இடத்தில் அவர் வேலையை வெறுக்கவில்லை. கடமையை அரைமனதோடு செய்யவுமில்லை. ஆறு மாதங்களில், 1902 மே 31ஆம் திகதி, கோப்ரலாக உயர்த்தப்பட்டார். ஆண்டு முடிவில் நவம்பர் 30ஆம் திகதி சார்ஜன்ட் தரத்தோடு விடைபெற்றார். கோப்ரல் என்பது சிறிய பதவியே. ஆனால் தன்னிடம் ஒப்படைக்கப்பட்ட ஒரு சிலருடைய பயிற்சிக்கும் ஒழுங்குக்கும் பதில் சொல்லவேண்டிய பொறுப்பு அதில் உண்டு. அன்றைய இத்தாலியில் ஏறத்தாழப் பாதிப்பேர் எழுத்தறிவற்றவர்கள். நாட்டின் வெவ்வேறு பகுதிகளிலிருந்து வந்த ஏழை இளைஞர்கள் ஒருவரது பேச்சுவழக்கு மற்றவருக்குப் புரியாத நிலையில் ஒரே படையில் சேர்ந்து வாழ்ந்தனர். வருங்காலத் திருத்தந்தை தம் மக்களை அறிந்துகொண்ட முதல் பெரும் பாடசாலை அதுவே எனலாம்.

விடுதலை பெற்றவுடன் அவர் உரோமைக்குத் திரும்பினார். 1902 டிசம்பரில் தியானம் ஒன்றில் அமர்ந்தார். அங்கே மீட்பர் சபையைச் சேர்ந்த அருட்தந்தை பிரான்செஸ்கோ பித்தொக்கி அவருக்கு ஆன்ம வழிகாட்டியாகக் கிடைத்தார். கடவுளே எல்லாம், தான் ஒன்றுமில்லை என்ற எளிய உண்மையை அந்தத் துறவி அவர் உள்ளத்தில் ஊன்றினார். 1904 ஓகஸ்ட் 10ஆம் திகதி அஞ்சலோ குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார். படைமுகாமின் கதை அத்தோடு முடிந்துவிட்டது என்றே அவரும் நினைத்திருப்பார்.

அன்பானவர்களே, இறைவன் ஒரு பாடத்தை முதல் தடவையிலேயே முடித்துவிடுவதில்லை. முதல் உலகப் போரில் 1915 மே மாதம் இத்தாலி இறங்கியது. அப்போது அருட்தந்தை ரொன்கல்லிக்கு முப்பத்துமூன்று வயது. ஆயரின் செயலாளராகப் பல ஆண்டுகள் பணியாற்றியவர், குருமடத்தில் கற்பித்துக்கொண்டிருந்தவர். குருக்களுக்கும் விலக்கு இருக்கவில்லை. ஆயிரக்கணக்கான குருக்களோடு அவரும் அழைக்கப்பட்டார். மீண்டும் அதே பெர்காமோ. மீண்டும் அதே சார்ஜன்ட் தரம். இம்முறை படையின் மருத்துவப் பிரிவில், காயமடைந்தோரைப் பராமரிக்கும் வைத்தியசாலையில் அவருக்குப் பணி. சீருடை அணிந்ததோடு மீசையும் வளர்த்துக்கொண்டார். அந்த மீசையோடு அவர் நிற்கும் நிழற்படம் இன்றும் காணக் கிடைக்கின்றது.

1916 மார்ச் மாதம் அவர் படையின் ஆன்மீகப் பணியாளராக நியமிக்கப்பட்டார். அதுவரை அவர் மற்றச் சார்ஜன்ட்களைப் போலவே கட்டளைக்குப் பணிந்து வேலைசெய்த ஒரு படையினரே. போர்முனையிலிருந்து வந்தவர்கள் கையிழந்தவர்களாகவும் காலிழந்தவர்களாகவும் நுரையீரல் பழுதுபட்டவர்களாகவும் வந்தார்கள். 1917 ஒக்டோபரில் கபொரெத்தோவில் இத்தாலியப் படை பெருந்தோல்வியுற்றபோது நாட்டின் துயரம் உச்சத்தை அடைந்தது. அவரது சொந்தச் சகோதரர்களும் படைக்கு அழைக்கப்பட்டிருந்தார்கள். ஆகவே ஒவ்வொரு கட்டிலிலும் அவர் கண்டது தம் வீட்டுப் பிள்ளையொருவனையே. அவர்களுடைய பாவசங்கீர்த்தனத்தைக் கேட்டார். இறுதி அருளடையாளங்களை வழங்கினார். வாழ்வைத் தொடங்கியும் இராத ஏழைக் குடியானவப் பையன்கள் முறையிடாமல் இறைவனிடம் தம்மைக் கையளித்து மரிப்பதைக் கண்டபின், தம் அறைக்குச் சென்று முழந்தாளிட்டுச் சிறுபிள்ளையைப் போல அழுத வேளைகள் பல என்று அவரே பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார்.

இங்கே சற்று நின்று சிந்திப்போம். இருபது வயதில் முகாமுக்குள் நுழைந்தவரின் கவலை, தான் கறைபடாமல் வெளியேற வேண்டும் என்பதே. அது தவறான கவலையன்று. இளம் உள்ளம் ஒன்றுக்கு அது தேவையான காவல். ஆனால் முப்பத்துமூன்று வயதில் அதே தரத்தோடு நுழைந்தவர் தம்மைப் பற்றிய கவலையை மறந்திருந்தார். முன்பு தூஷணம் பேசிக் கேட்ட அதே வகை இளைஞர்களின் வாயிலிருந்து இப்போது அவர் கேட்டது தாயின் பெயரையும் இயேசுவின் பெயரையும். பாபிலோனுக்கு நாடுகடத்தப்பட்ட மக்களுக்கு எரேமியா இறைவாக்கினர் அனுப்பிய கடிதம் நீங்கள் அறிந்ததே. தாங்கள் கைதிகளாக வாழும் அந்த நகரின் நலனையே நாடும்படியும், அதற்காக மன்றாடும்படியும் அவர் அவர்களைக் கேட்டிருந்தார். முதல் சீருடையில் பாபிலோனைக் கண்டு அஞ்சிய அஞ்சலோ, இரண்டாம் சீருடையில் அந்தப் பாபிலோனின் நலனுக்காக முழந்தாளிட்டார். ஒருவர் தூய்மையில் வளர்கின்றார் என்பதற்கு இதைவிட நல்ல அடையாளம் எது?

போர் முடிந்த 1918ஆம் ஆண்டில் படைச் சேவையிலிருந்து விடுபட்ட அவர், பெர்காமோவில் மாணவர்களுக்கென இல்லம் ஒன்றை ஆரம்பித்தார். இளைஞர்களைச் சாகக் கண்டவர், இளைஞர்களை வாழவைக்கும் பணியைத் தெரிந்துகொண்டார். நாற்பது ஆண்டுகளின் பின், 1958 ஒக்டோபர் 28ஆம் திகதி, அந்தச் சார்ஜன்ட் திருத்தந்தையாகத் தெரிவுசெய்யப்பட்டார். 1962 ஒக்டோபரில் கியூபாவில் வைக்கப்பட்ட ஏவுகணைகளால் அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் அணுவாயுதப் போரின் விளிம்பில் நின்றபோது, 25ஆம் திகதி வத்திக்கான் வானொலியூடாக ஆட்சியாளர்களிடம் சமாதானத்திற்காக மன்றாடினார். 1963 ஏப்ரல் 11ஆம் திகதி, பெரிய வியாழனன்று, அவனியில் அமைதி என்னும் சுற்றுமடலை வெளியிட்டார். கத்தோலிக்கருக்கு மட்டுமன்றி நன்மனம் கொண்ட மாந்தர் அனைவருக்கும் அது எழுதப்பட்டது. உண்மையான சமாதானம் ஆயுதங்களின் சமநிலையில் தங்கியிருப்பதில்லை, ஒருவர் மீது ஒருவர் கொள்ளும் நம்பிக்கையிலேயே தங்கியிருக்கின்றது என்பது அதன் உள்ளக்கிடக்கை. துப்பாக்கியைத் தொட்டறியாதவரின் கனவு என்று எவரும் அதைத் தள்ளிவிட முடியாது. துப்பாக்கியைத் துடைத்த கையும், அது செய்த காயத்தைத் துடைத்த கையும் ஒன்றாய்ச் சேர்ந்து எழுதிய மடல் அது. அதே ஆண்டு யூன் 3ஆம் திகதி அவர் இறைவனடி சேர்ந்தார். 2014 ஏப்ரல் 27ஆம் திகதி புனிதராக அறிவிக்கப்பட்டார்.

2017ஆம் ஆண்டில் அவர் இத்தாலியத் தரைப்படையின் பாதுகாவலராக அறிவிக்கப்பட்டபோது, சமாதானத்தின் திருத்தந்தையைப் படைக்குப் பாதுகாவலராக்குவது பொருந்துமா என்று கத்தோலிக்க சமாதான அமைப்பான பக்ஸ் கிறிஸ்டி உள்ளிட்டோர் வினா எழுப்பினர். அது நியாயமான வினாவே. அவர் வாழ்வை நோக்குபவர் ஒன்றை மறக்கலாகாது: அவர் ஆயுதத்திற்காக ஒருபோதும் பரிந்து பேசியவரல்லர், ஆயுதம் ஏந்தவைக்கப்பட்ட இளைஞனுக்காகவே கண்ணீர் வடித்தவர்.

வாசகர்களே, போரின் கொடுமையை நாம் பிறர் சொல்லிக் கேட்டு அறிந்தவர்களல்லர். சீருடையைக் கண்டால் நெஞ்சு பதறும் நினைவுகள் நம் மத்தியில் எத்தனையோ பேருக்கு உண்டு. அந்த நினைவுகளை மறந்துவிடும்படி இப்புனிதரின் வாழ்வு நம்மைக் கேட்கவில்லை. நீதி வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. எந்தச் சீருடைக்குள்ளும் ஒரு தாயின் பிள்ளை இருக்கின்றான் என்பதை மட்டும் அது நினைவூட்டுகின்றது. அதை நினைப்பது எளிதன்று. ஆனால் அந்த நினைவு இல்லாத இடத்தில் சமாதானம் வேர்கொள்வதும் இல்லை.

இன்னொரு பாடமும் உண்டு. நாம் விரும்பித் தேர்ந்துகொள்ளாத இடங்களில் வாழ நேரிடுவோர் நம்மில் பலர். வெறுப்பூட்டும் வேலைத்தளத்தில், அந்நிய நாட்டின் குளிரில், புரியாத மொழி பேசுவோர் நடுவில் நாட்களை எண்ணிக்கொண்டிருப்போர் உண்டு. அந்த இடமே உங்கள் பாபிலோனாக இருக்கலாம். முதலில் உங்கள் உள்ளத்தைக் காத்துக்கொள்ளுங்கள். பின்னர் பக்கத்துக் கட்டிலில் இருப்பவரை நோக்குங்கள். இறைவன் உங்களை அங்கே அனுப்பியதன் காரணம் அவராகவும் இருக்கலாம்.

சமாதானத்தின் அரசராம் ஆண்டவர் இயேசு, புனித 23ஆம் யோவானின் பரிந்துரையால், பகைமை கொண்ட உள்ளங்களைக் கனியச் செய்வாராக. உலகின் படைமுகாம்களில் இன்றிரவு துயில்கொள்ளும் ஒவ்வோர் இளைஞனையும், அவன் வரவுக்காக விளக்கேற்றிக் காத்திருக்கும் ஒவ்வொரு தாயையும் அவர் தம் கரங்களில் ஏந்திக் காப்பாராக. ஆமென்.