காடு கற்பித்த கல்வி

நுழையும்முன்

விருதுநகர் மாவட்டத்து இருக்கன்குடியில் அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடுகின்றன. வானம் பார்த்த கரிசல் நிலத்தில் ஓடும் அவ்விரு ஆறுகளுக்கும் தாய்மடி மேற்குத் தொடர்ச்சி மலைக்காடு. அக்காட்டின் ஒரு பகுதி 2021ஆம் ஆண்டில் திருவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. காட்டை அஞ்சி விலகுவோரும் அழித்துப் பயன்கொள்வோரும் பலர். அதனைப் பயின்று அறிந்தோர் சிலரே. அச்சிலருள் ஒருவரான ஜிம் கார்பெட்டின் வாழ்வை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

கானகமே பள்ளி

இமயமலை அடிவாரத்தில், இன்றைய உத்தரகண்ட் மாநிலத்தின் நைனிதால் நகரில், 1875ஆம் ஆண்டு சூலை 25ஆம் நாள் ஜிம் கார்பெட் பிறந்தார். தந்தை அந்நகரின் அஞ்சல் நிலைய அதிகாரி. ஆறு வயது நிறையுமுன்பே கார்பெட் தந்தையை இழந்தார். பெரிய குடும்பத்தைத் தாங்கும் பொறுப்பு தாயின்மீது விழுந்தது. கோடையில் நைனிதாலிலும், குளிர்காலத்தில் மலையடிவாரக் காலாதுங்கியிலும் அக்குடும்பம் வாழ்ந்தது. காலாதுங்கியைச் சூழ்ந்த காடே சிறுவனின் உண்மையான பள்ளிக்கூடமாயிற்று.

முதலில் அவர் கையில் இருந்தது கவண். பின்னர் வில்லும் அம்பும். அதன்பின் ஒரு குழல் வெடித்துப் பிளந்த, பித்தளைக் கம்பியால் இறுகக் கட்டப்பட்ட பழைய இரட்டைக்குழல் துப்பாக்கி. குறையுள்ள அக்கருவியை நம்பிக் காட்டுக்குள் செல்ல இயலாது. ஆகவே கண்ணையும் காதையும் கூர்மையாக்கிக்கொண்டார். குன்வர் சிங் என்னும் ஊர்த்தலைவர் அவருக்கு ஆசானாக வாய்த்தார். கள்ள வேட்டையில் பெயர்பெற்றிருந்த அவர், காட்டின் ஒவ்வொரு தடத்தையும் அறிந்தவர். துப்பாக்கி ஏந்தினால் மட்டும் போதாது, மரம் ஏறவும் தெரிந்தவனே காட்டில் அச்சமின்றி உலவ முடியும் என்பது அவர் அளித்த முதன்மையான பாடங்களுள் ஒன்று.

ஒலியும் சுவடும் காற்றும்

கார்பெட் பறவைகளை அவற்றின் பணியால் வகைப்படுத்தினார். காட்டுக்கு அழகூட்டும் மாங்குயிலும் தேன்சிட்டும் ஒரு வகை. இன்னிசை தருவன மற்றொரு வகை. பழம் உண்டு விதை பரப்பும் இருவாச்சியும் குக்குறுவானும் காட்டை வளர்ப்பவை. கரிச்சான், காட்டுக்கோழி, தவிட்டுக்குருவி ஆகியவை ஆபத்தை அறிவிப்பவை. பருந்தும் ஆந்தையும் உயிர்ச்சமநிலை காப்பவை. பிணந்தின்னிக் கழுகும் காகமும் தூய்மை செய்பவை. இவ்வாறு பயன் அறிந்து நோக்கியவருக்கு எந்த உயிரும் வேண்டாதது ஆகவில்லை.

எச்சரிக்கை ஒலிகளை அவர் ஒரு மொழியைப் போலக் கற்றார். புள்ளிமானின் கூவலும், கேளையாட்டின் குரைப்பும், சங்க இலக்கியம் முசு என்று கூறும் கருமுகக் குரங்கின் குரலும் புலியின் நடமாட்டத்தை அறிவிக்கும். ஒலி எழும் இடம் மாறிக்கொண்டே வந்தால் விலங்கு நடந்துகொண்டிருக்கிறது என்று பொருள். மண்ணில் பதிந்த சுவடோ விலங்கின் பாலினம், பருமன், சென்ற வேகம், கடந்த நேரம் ஆகியவற்றைக் கூறும்.

காற்றின் திசையும் உயிர்காக்கும் அறிவாகும். மனிதரின் மோப்பத்திறன் மிகக் குறைவு என்பதைப் புலி அறியாது. எனவே ஆட்கொல்லிப் புலி, மற்ற விலங்குகளை நெருங்குவது போலவே, தன் வாடை எட்டாத திசையிலிருந்துதான் மனிதரையும் நெருங்கும். காற்று முகத்தில் வீசும்போது ஆபத்து முதுகுப்புறம் இருக்கும். அதனால் கார்பெட் நேராக நடவாமல், காற்று பக்கவாட்டில் படுமாறு வளைந்து வளைந்து முன்னேறுவார்.

துயர் துடைத்த கலை

இளமையில் தொடர்வண்டி நிறுவனத்தில் பணியேற்ற கார்பெட், கங்கைக்கரையின் மொகாமா துறையில் சரக்கு மாற்றும் ஒப்பந்ததாரராக இருபது ஆண்டுகளுக்கும் மேலாக உழைத்தார். அக்காலத்தில் சம்பாவத் பகுதியில் ஒரு பெண்புலி 436 பேரைக் கொன்றதாகக் கணக்கிடப்பட்டது. கதவடைத்துக் கிடந்த ஊர்களின் துயரறிந்து, 1907ஆம் ஆண்டு அதனைத் தேடிச் சென்றார். அறிவிக்கப்பட்ட பரிசுத்தொகையை நீக்க வேண்டும், பிற வேட்டையாளரைத் திரும்பப்பெற வேண்டும் என்பவை அவர் விதித்த நிபந்தனைகள்.

வீழ்ந்த புலியை ஆராய்ந்தபோது, அதன் வலப்பக்கக் கோரைப்பற்கள் பழைய துப்பாக்கிக் காயத்தால் உடைந்திருந்தன. இயல்பான இரையைப் பிடிக்க இயலாமையே அதனை மனிதரை நாடச் செய்தது. கேதார்நாத், பத்ரிநாத் செல்லும் வழியில் எட்டாண்டுகள் அச்சம் விளைத்து, 125 பேரைக் கொன்ற உருத்திரபிரயாகைச் சிறுத்தையையும் 1926ஆம் ஆண்டில் அவர் வீழ்த்தினார். எனினும், புலி இயல்பிலேயே மனிதரின் பகையன்று. காயமும் முதுமையும் இரையின்மையுமே அதனை ஆட்கொல்லியாக்குகின்றன என்பதை வலியுறுத்தி எழுதினார். நாளடைவில் துப்பாக்கியை விடுத்து, திரைப்படக்கருவியால் புலிகளைப் பதிவு செய்வதில் ஈடுபட்டார். 1936ஆம் ஆண்டு இந்தியாவின் முதல் தேசியப் பூங்கா உருவாகத் துணைநின்றார். அவர் மறைவுக்குப்பின் அப்பூங்கா அவர் பெயரையே பெற்றது.

வீரர்க்குப் பாடம்

இரண்டாம் உலகப்போரின்போது பர்மாக் காடுகளில் போரிடச் சென்ற வீரர்களுக்குக் காடே பெரும் பகையாகத் தோன்றியது. கடும் நோயிலிருந்து மீண்டிருந்த கார்பெட், 1944ஆம் ஆண்டு, அறுபத்தெட்டு வயதில், லெப்டினன்ட் கர்னல் நிலையில் அவர்களுக்குப் பயிற்சியளிக்க முன்வந்தார். மத்திய இந்தியாவின் சிந்த்வாரா பகுதிக் காடுகளில், காட்டில் உயிர்பிழைத்திருக்கும் முறைகளை அவர்களுக்குக் கற்பித்தார். பசியாற்றும் செடிகள், நீர் கிடைக்கும் இடம், ஒலிகளின் பொருள், சுவடு காணும் திறன் ஆகியவற்றை அறிந்தவனுக்குக் காடு பகையன்று, புகலிடம் என்பதே அப்பயிற்சியின் சாரம். காலாதுங்கியில் ஒரு சிறுவன் வெறுங்காலுடன் கற்ற கல்வி, அறுபது ஆண்டுகள் கடந்து, அறியாத இளைஞர் பலருக்கு அரணாயிற்று.

1947ஆம் ஆண்டு தமக்கை மேகியுடன் கென்யாவில் குடியேறிய கார்பெட், 1955ஆம் ஆண்டு ஏப்பிரல் 19ஆம் நாள் நியேரி நகரில் காலமானார். 1973ஆம் ஆண்டு இந்திய அரசின் புலிகள் பாதுகாப்புத் திட்டம் அவர் பெயர் தாங்கிய பூங்காவிலேயே தொடங்கப்பெற்றது. அத்திட்டத்தின் வழிவந்ததே நம் மேற்குமலைப் புலிகள் காப்பகமும். புலி உலவும் சோலை மழைநீரைத் தேக்கி ஆறாக அனுப்புகிறது. அவ்வாறு கரிசல் நிலத்தின் கிணற்றுக்கும் வயலுக்கும் உயிரூட்டுகிறது. காட்டைப் படிக்கக் கற்பவரே அதனைக் காக்கவும் கற்பர் என்பது கார்பெட்டின் வாழ்வு நமக்கு உணர்த்தும் உண்மையாகும்.