திருநாவுக்கரசரும் நம் பழம்பண்ணும்

மக்கள் இன்றும் விரும்பிக் கேட்கும் இசைகளுள் மிகப் பழையது யாது என்னும் வினா அறிஞரிடையே அவ்வப்போது எழுதலுண்டு. அதற்கு விடை காண்பார், கல்லில் உள்ள இசையையும் மிடற்றில் உள்ள இசையையும் வேறு பிரித்தறிதல் வேண்டும். புதுக்கோட்டையை அடுத்த குடுமியான்மலையில், கிராமராகங்கள் ஏழற்குரிய சுரக்கோவைகள் பாறையில் பொறிக்கப்பட்டுள்ளன. அவ்வெழுத்து கி.பி. 7 அல்லது 8ஆம் நூற்றாண்டினது. இசைநூல் வல்லார் அதனைப் படித்து ஆராய்கின்றனர். ஆயின் மாலைப்பொழுதில் அதனைப் பாடக் கேட்டு உள்ளம் உருகுவார் எவருமிலர். ஏறத்தாழ அதே காலத்துத் தோன்றிய தேவாரமோ, கல்லில் சுரம் பொறிக்கப்படாதிருந்தும், இன்றளவும் சந்திதோறும் ஒலிக்கின்றது. சாமகானம் அதனினும் தொன்மையுடையதே. எனினும் அஃது ஓதற்குரியார் சிலர் வாயிலேயே நின்றது. உழவரும் வணிகரும் பெண்டிரும் சிறாரும் தம் தாய்மொழியிலே பொருளுணர்ந்து கேட்டு இன்புறும் பழைய இசை என்னும்போது, தேவாரத்தை ஒப்பது அரிதினும் அரிது. அவ்விசையைப் பாடியருளிய மூவருள் வயதால் மூத்தவரும், நம் வேளாண் குடியிற் பிறந்தவருமாகிய திருநாவுக்கரசு நாயனாரின் வரலாற்றை இவ்விதழில் சுருங்க எழுத எண்ணினோம்.

திருமுனைப்பாடி நாட்டுத் திருவாமூரில், குறுக்கையர் குடியில், புகழனாருக்கும் மாதினியாருக்கும் மகவாக இவர் தோன்றினார். இயற்பெயர் மருணீக்கியார். இவருக்கு முன் பிறந்த தமக்கையார் திலகவதியார். பல்லவர் படைத்தலைவராகிய கலிப்பகையாருக்குத் திலகவதியாரை மணம் பேசியிருந்தனர். திருமணம் நிகழுமுன் கலிப்பகையார் போர்மேற் சென்றார். அவர் மீளுமுன்னரே புகழனார் நோயுற்று மறைய, மாதினியாரும் உடன் உயிர் நீத்தார். பின்னர்க் கலிப்பகையார் களத்தில் வீழ்ந்த செய்தியும் வந்தது. உயிர்விடத் துணிந்த திலகவதியாரின் அடிகளில் வீழ்ந்து இளையவர் அழுதார். தமக்கு இனி வேறு துணையில்லை என்றார். தம்பி உளராதல் வேண்டுமென்னும் ஒரு கருத்தாலேயே அம்மையார் உயிர் தாங்கினார். தமிழிசையின் வரலாற்றைச் சொல்லப் புகுவார் முதற்கண் வணங்கத்தக்கவர் இவ்வம்மையாரே என்பது எம் துணிபு. அவர் அன்று தம்மைத் தாங்கிக்கொள்ளாதிருப்பின், நாவரசர் வளர்ந்திரார்; நமக்கு அவர் பாடலும் வாய்த்திராது.

மருணீக்கியார் அறச்சாலைகளும் தண்ணீர்ப்பந்தர்களும் அமைத்து வாழ்ந்தார். நிலையாமை நெஞ்சை வருத்த, மெய்ப்பொருளை நாடிப் பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளியை அடைந்தார். இக்காலத்துக் கடலூரைச் சார்ந்த திருப்பாதிரிப்புலியூரே அது. அங்குக் கலைகள் பலவும் கற்றுத் தருமசேனர் என்னும் பெயரும் தலைமையும் எய்தினார். சமண் சமயத்தை இகழ்ந்துரைத்தல் எம் நோக்கமன்று. சீவகசிந்தாமணி முதலாய நூல்களைத் தமிழுக்கு ஈந்தோர் அச்சமயத்துப் பெரியோரே. நாவரசரின் பரந்த கல்விக்கு அப்பள்ளி வாழ்வும் ஓர் ஏதுவாயிற்று என்று கொள்ளுதல் பிழையாகாது.

பின்னர்ச் சூலைநோய் அவர் வயிற்றைப் பற்றியது. மணியும் மந்திரமும் மருந்தும் பயன்படாதொழிந்தன. இரவிற் புறப்பட்டுத் திருவதிகையில் தொண்டு செய்திருந்த தமக்கையாரை அடைந்தார். அம்மையார் திருநீறு அளித்துத் திருவலகும் மெழுக்குமாகத் திருக்கோயிலுட் புகுந்தபோது, தம்பியையும் உடன் கொண்டு சென்றார். அங்கே கொல்லிப் பண்ணில் எழுந்ததே அவருடைய முதற்பதிகம். நோயின் கொடுமையை ஒளியாது முறையிடும் அப்பதிகத்திலேயே, தமிழொடு இசைபாடுதலைத் தாம் மறந்ததில்லை என்றும் அவர் விண்ணப்பிக்கின்றார். பூவும் நீரும் தூபமும் எவ்வாறு வழிபாட்டுப் பொருளோ அவ்வாறே இசைத்தமிழும் வழிபாட்டுப் பொருள் என்று அவர் வைத்த முறை ஊன்றி நோக்கத்தக்கது. நோய் நீங்கிற்று, நாவுக்கரசு என்னும் பெயரும் எய்திற்று.

இதனை அறிந்த பல்லவ மன்னன் வெகுண்டான். அவனை முதலாம் மகேந்திரவர்மன் என்பர் வரலாற்று ஆசிரியர். அவனது ஆட்சி 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் நிகழ்ந்தது. கலைகளில் வல்லவனாய், மத்தவிலாசம் என்னும் நகை நாடகத்தையும் இயற்றிய அவனே, பாடுவார் ஒருவரை ஒறுக்க முற்பட்டது வியப்பே. அரசாணை வந்தபோது, தாம் எவருக்கும் குடியல்லர், கூற்றுவனுக்கும் அஞ்சுவாரல்லர் என்னும் கருத்தமையத் தாண்டகம் பாடி மறுத்தார் நாவரசர். அவரை ஏழு நாள் நீற்றறையில் அடைத்தனர், நஞ்சு கலந்த உணவை ஊட்டினர், யானையை ஏவினர், கல்லிற் பிணித்துக் கடலில் இட்டனர் என்று பெரியபுராணம் கூறும். கல்லே தெப்பமாகத் திருப்பாதிரிப்புலியூரில் கரையேறினார் என்பர். கடலிற் பாடிய ஐந்தெழுத்துப் பதிகம் காந்தாரபஞ்சமப் பண்ணில் அமைந்தது.

இவற்றுள் நீற்றறையைக் குறித்து ஒரு சொல் உரைப்போம். வேகும் சுண்ணாம்பு அறையில் இருந்தவர், இறைவன் திருவடிநிழலுக்கு உவமை தேடுகின்றார். மாலை மதியமும் வீசுதென்றலும் இளவேனிலும் வண்டு முரலும் பொய்கையும் அவர் கருத்தில் எழுகின்றன. ஆயின் அனைத்திற்கும் முன்னர் எழுவது குற்றமற்ற வீணையின் ஒலியே. வெப்பத்தினிடையே குளிர்ச்சியை நினைத்தல் எவருக்கும் இயல்பு. குளிர்ச்சிக்கும் முன்னர் இசையை நினைத்தல், இசையே உயிராக வாழ்ந்தார்க்கன்றி இயலாது. மன்னனும் பின்னர் மனந்திரும்பிச் சைவனாயினான்.

இதன்பின் நாவரசர் கையில் உழவாரப்படையும் வாயில் திருப்பதிகமுமாக ஊர்தோறும் நடந்தார். திருமுற்றங்களில் முளைத்த புல்லைச் செதுக்குதலே அவர் மேற்கொண்ட தொண்டு. திங்களூரில் அப்பூதியடிகள் என்னும் அந்தணர், நாவரசரை ஒருமுறையேனும் காணாதிருந்தும், தம் மக்களுக்கும் தண்ணீர்ப்பந்தருக்கும் அவர் பெயரையே இட்டிருந்தார். விருந்துக்கு வாழைக்குருத்து அரியச் சென்ற மகன் அரவு தீண்டி இறந்தான். விருந்து தடைப்படலாகாது என்று அதனைப் பெற்றோர் மறைத்தனர். உண்மை அறிந்த நாவரசர் இந்தளப் பண்ணில் பதிகம் பாட, மகன் உறங்கி எழுந்தான்போல் எழுந்தான். சீகாழியில் திருஞானசம்பந்தப் பிள்ளையார், முதியவராகிய இவரை அப்பரே என்று அன்போடு அழைத்தார். அதுமுதல் அப்பர் என்னும் பெயர் வழங்கலாயிற்று.

திருவீழிமிழலையில் இருவரும் தங்கியபோது பஞ்சம் வந்தது. அடியாரை ஊட்டுதற்கு நாள்தோறும் ஒவ்வொருவருக்கும் ஒரு பொற்காசு அருளப்பெற்றது. அப்பர் பெற்ற காசு குறைவின்றிச் செலாவணியாயிற்று. பிள்ளையார் பெற்ற காசிற்கு வாசி இருந்தது. கையால் உழைத்துத் தொண்டு செய்தவர் அப்பர் என்பதே அதற்குக் காரணம் என்பர். ஏர்பிடித்த குடியினராகிய நாம் நெஞ்சிற் பொறிக்கத்தக்க நிகழ்ச்சி இதுவாம். திருப்புகலூரில் அவர் புல்லைச் செதுக்கியபோது பொன்னும் நவமணியும் வெளிப்பட்டன. அவற்றைப் பருக்கைக் கல்லோடு ஒப்ப ஏந்திக் குளத்தில் எறிந்தார். முதிர்ந்த பருவத்தில் கயிலையைக் காண வடதிசை சென்று, கால் தேயவும் உடல் தேயவும் ஊர்ந்து, முடிவில் திருவையாற்றில் அக்காட்சியைப் பெற்றார். விலங்கும் புள்ளும் துணையொடு வரக் கண்டு அங்குப் பாடிய பதிகம் காந்தாரப் பண்ணினது. எண்பத்தோராம் அகவையில், திருப்புகலூரில், சித்திரைச் சதயத்தில் இறைவனடி சேர்ந்தார் என்பது மரபு.

இனி, அவ்விசை நம்மை வந்தடைந்த நெறியைக் காண்போம். 9ஆம் நூற்றாண்டில் மூன்றாம் நந்திவர்மன் காலத்தே, திருவல்லக் கோயிலில் திருப்பதியம் பாடுவார்க்குப் பொருள் ஒதுக்கப்பட்டமை கல்வெட்டால் அறியப்படும். 985 முதல் 1014 வரை ஆண்ட முதலாம் இராசராசன் காலத்தில், தில்லையில் பூட்டிய அறையில் செல்லரித்துக் கிடந்த ஏடுகளை நம்பியாண்டார் நம்பி துணையாக எடுப்பித்தான் என்று திருமுறைகண்ட புராணம் கூறும். ஏடு கிடைத்தது, பண் கிடைத்திலது. அந்நிலையில் எருக்கத்தம்புலியூரில், சம்பந்தப் பிள்ளையார் பாடலை யாழில் இட்டு வாசித்த திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த பெண்மணி ஒருவர் பண்களை வகுத்துக் கொடுத்தார் என்பர். பின்னர்த் தஞ்சைப் பெருங்கோயிலில் திருப்பதியம் பாட 48 பிடாரர்களையும், உடுக்கை வாசிப்பான் ஒருவனையும், கொட்டிமத்தளம் வாசிப்பான் ஒருவனையும் இராசராசன் அமர்த்தி, ஒவ்வொருவருக்கும் நாள்தோறும் முக்குறுணி நெல் அளக்கச் செய்தான். அக்கல்வெட்டு இன்றும் உள்ளது.

அப்பர் பதிகங்களாக நமக்கு எஞ்சியவை நான்காம் திருமுறையில் 113, ஐந்தாம் திருமுறையில் 100, ஆறாம் திருமுறையில் 99 ஆக 312 ஆகும். நான்காம் திருமுறையின் முற்பகுதி பண்ணடைவாக நிற்ப, ஏனையவை திருநேரிசை, திருவிருத்தம், திருக்குறுந்தொகை, திருத்தாண்டகம் என யாப்பின்வழி நிற்கும். தாண்டகம் பாடுதலில் இவர்க்கு ஒப்பாரின்மையால் தாண்டகவேந்தர் எனவும் வழங்கப்படுவர். தாளத்தொடு பாடுவதைப் பண்ணாங்கம் என்றும், தாளமின்றிப் பாடுவதைச் சுத்தாங்கம் என்றும் ஓதுவார் கூறுவர். ஓதுவார் மரபில் இந்தளம் மாயாமாளவகௌளையாகவும், பழம்பஞ்சுரம் சங்கராபரணமாகவும், சாதாரி பந்துவராளியாகவும், காந்தாரபஞ்சமம் கேதாரகௌளையாகவும் பாடப்படும். பதின்மூன்று நூற்றாண்டுகளில் ஒரு சுரமும் அசையாது நின்றது என்று யாம் கூறோம். ஆற்றில் நீர் புதிதாயினும் ஆறு அதுவே யாதல்போல, பாடுவார் மாறினும் பாட்டும் பண்ணின் பெயரும் தொண்டின் தொடர்ச்சியும் அவையே. தமிழிசைச் சங்கத்தார் 1949 முதல் நடத்திய பண்ணாராய்ச்சியும் இத்தொடர்ச்சியைத் தெளிவாக்கப் பெரிதும் துணைபுரிந்தது.

நாவரசரை நம்மவர் என்று பெருமை பேசுதல் எளிது. அவர் கூறியதனை ஏற்றலோ அரிது. சாத்திரம் பல பேசுவாரை நோக்கி, கோத்திரமும் குலமும் கொண்டு யாது செய்வீர் என்று வினவியவர் அவர். குலத்தால் தாழ்ந்தவரென்றும் நோயால் அழுகிய உடலினரென்றும் உலகம் ஒதுக்கியவரே ஆயினும், சிவனுக்கு அன்பராயின் அவரே தாம் வணங்கும் கடவுளார் என்று தாண்டகத்திற் பாடியவரும் அவரே. வேளாளராகிய அவரை அந்தணர் போற்றினர். அவர் பாடிய பதிகங்களுக்குப் பண்ணை மீட்டுத் தந்தவரோ, ஊரார் தாழ்வாக எண்ணிய பாணர் குடிப் பெண்மணி. ஒரு குலத்தார் மட்டும் காத்திருப்பின் இவ்விசை என்றோ மாய்ந்திருக்கும். ஒரு குலத்தின் சங்கத்து ஏட்டில் இதனை எழுதுதல் பொருந்துமோ என்று சிலர் ஐயுறலாம். இங்கன்றி வேறெங்கு எழுதுதல் பொருந்தும் என்பதே எம் விடை.

சித்திரைச் சதயந்தோறும் நம் சங்கங்கள் பல திருவுருவப் படத்திற்கு மாலையிட்டு, ஊர்வலமும் விருந்தும் நிகழ்த்துகின்றன. அவை வேண்டுவனவே. ஆயின் அப்பந்தரில் அவர் பதிகம் ஒன்று பண்ணோடு முற்றப் பாடப்படுகின்றதா என்று நம்மை நாமே வினவிக்கொள்ளுதல் நலம். பல கோயில்களில் ஓதுவார் இல்லை. உள்ள இடத்தும் கேட்பார் சிலரே. ஒலிப்பதிவுகள் பல உள. அவை கேட்பிக்கும், நம் சிறார் வாயிற் பாட்டாக மாறா. ஏடு இருந்தும் பண் அறிவாரின்றி இராசராசன் திகைத்த நாள் மீண்டும் வாராதிருத்தல் வேண்டும்.

ஆதலின் சங்கத்தார்க்கு யாம் விண்ணப்பிப்பது ஒன்றே. மாதக் கூட்டந்தோறும் ஓதுவார் ஒருவரை அழைத்து, தக்க சம்மானம் அளித்து, ஒரு பதிகத்தைக் கற்பிக்கச் செய்க. ஆண்டிற்குப் பன்னிரண்டு பதிகமாயினும் நம் பிள்ளைகளுக்கு மனப்பாடமாகும். பெண்மக்களையும் தவறாது அமர்த்துக. அண்மைக்காலத்தில் பெண்டிரும் ஓதுவாராய்ப் பணியேற்றுள்ளனர். அவ்வகுப்பின் கதவைப் பிற குலத்துச் சிறார்க்கும் திறந்து வைக்க. திருமறைக்காட்டில் அடைபட்டிருந்த கதவைப் பாடித் திறப்பித்தவர் நம் நாவரசர். அவர் பெயரால் நாம் ஒரு கதவை அடைத்து வைத்தல் தகாது. பாடுவார் உளராக, பண் வாழ்க.