பேராசிரியர் அம்பேத்கர்: கருவூலம் முதல் குளக்கரை வரை

அண்ணல் டாக்டர் அம்பேத்கர் அவர்களின் திருவுருவப் படம் இல்லாத நம்மவர் இல்லம் அரிது. படத்தில் அவர் கையில் ஏந்தியிருக்கும் நூல் அரசியலமைப்புச் சட்டம் என்பதைச் சிறு பிள்ளைகளும் சொல்லிவிடுவார்கள். ஆயினும் அச்சட்டத்தை வகுப்பதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்னரே அவர் கல்லூரிப் பேராசிரியராகப் பணியாற்றியவர் என்பதும், அவர் ஆழ்ந்து கற்ற துறை பொது நிதியும் ஆட்சி நிர்வாகமும் என்பதும் நம்மில் பலர் அறியாதவை. வரியை யார் தண்டுகிறார்கள், அதை யார் செலவிடுகிறார்கள், அச்செலவுக்கு யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்ற வினாக்களே அவருடைய ஆராய்ச்சியின் உயிர்நாடி. கல்விக்கென ஏற்பட்ட நம் சங்கத்தின் வெள்ளிவிழா மலரில் அந்த ஆசிரியரின் வரலாற்றை எழுதுவதே பொருத்தம் என்று கருதினோம்.

1891 ஏப்ரல் 14-ஆம் நாள் மாவ் படைக்குடியிருப்பில், சுபேதார் ராம்ஜி சக்பாலின் மகனாக அவர் பிறந்தார். பள்ளியில் அவர் பட்ட இழிவுகளை நாம் மேடைதோறும் சொல்லி வருவதால் இங்கு விரிக்கவில்லை. பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில் பொருளியலும் அரசியலும் பயின்று பட்டம் பெற்ற அவருக்குப் பரோடா மன்னர் சயாஜிராவ் கெய்க்வாட் மூன்றாண்டு உதவித்தொகை வழங்கினார். படிப்பு முடிந்தபின் பத்தாண்டுகள் பரோடா அரசில் பணிபுரிய வேண்டும் என்பது நிபந்தனை. 1913-ல் நியூயார்க் சென்று கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே பொது நிதித் துறையில் உலகப் புகழ் பெற்றிருந்த செலிக்மன் அவருக்கு ஆசிரியராக வாய்த்தார். 1915-ல் முதுகலைப் பட்டம் பெற்றார். கிழக்கிந்தியக் கம்பெனியின் நிர்வாகத்தையும் நிதியையும் பற்றிய அவருடைய ஆய்வு அந்நாளில் எழுதப்பட்டதே. 1916-ல் லண்டன் பொருளியல் பள்ளியில் சேர்ந்தபோது பேராசிரியர் எட்வின் கேனன் வழிகாட்டியாக அமைந்தார். இங்கிலாந்தின் உள்ளூர் வரிகளின் வரலாற்றை 1896-லேயே நூலாக எழுதியவர் கேனன். இத்தகைய இருவரிடம் பயின்ற மாணவருக்கு வரிக்கணக்கு வறட்டுக் கணக்காகத் தோன்றியிருக்க இயலாது.

உதவித்தொகைக் காலம் முடிந்தமையால் 1917-ல் படிப்பைப் பாதியில் நிறுத்தித் தாயகம் திரும்பினார். வேறொரு கப்பலில் அனுப்பிய அவருடைய நூல்கள் போர்க்காலத் தாக்குதலில் கடலில் மூழ்கின. பரோடாவில் உயர் பதவி கிடைத்தது. தலைசாய்க்க ஓரிடம் கிடைக்கவில்லை. தங்கியிருந்த பார்சி விடுதியிலிருந்து அவர் வெளியேற்றப்பட்ட செய்தி யாவரும் அறிந்ததே.

1918 நவம்பரில் பம்பாய் சிடனாம் வணிகவியல் பொருளியல் கல்லூரியில் அரசியல் பொருளாதாரப் பேராசிரியராகப் பொறுப்பேற்றார். மாதச் சம்பளம் 450 ரூபாய். தொடக்கத்தில் மாணவர்கள் அவரைப் பொருட்படுத்தவில்லை. சில மாதங்களில் நிலைமை மாறியது. பிற கல்லூரி மாணவர்களும் இசைவு பெற்று வந்து அவருடைய வகுப்பில் அமர்ந்தார்கள். ஆனால் ஆசிரியர் அறையில் பொதுவாக வைத்திருந்த குடத்திலிருந்து அவர் நீர் அருந்துவதை உடன் பணிபுரிந்த பேராசிரியர்கள் ஆட்சேபித்தார்கள். கற்றோர் அறையில் மறுக்கப்பட்ட அந்நீர் பின்னர் ஒரு நகராட்சியின் குளத்திலும் மறுக்கப்பட்டது. அதைப் பின்னர்ச் சொல்வோம். அவ்வாண்டிலேயே சிறு நிலவுடைமையைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை, துண்டு நிலங்களை ஒன்றுசேர்ப்பதால் மட்டும் உழவர் வறுமை தீராது, தொழில் வளர்ச்சியே வேண்டும் என்று வாதிட்டது. 1919-ல் வாக்குரிமை குறித்து விசாரித்த சவுத்பரோ குழுவின்முன் சாட்சியமளித்தார்.

சம்பளத்தில் மிச்சம் பிடித்த தொகையும், கோல்காப்பூர் சாகு மகாராஜாவின் உதவியும், நண்பர் நவல் பத்தேனா தந்த கடனும் சேர்ந்து 1920-ல் அவரை மீண்டும் லண்டனுக்கு அனுப்பின. 1921-ல் எம்.எஸ்ஸி. பட்டம் பெற்றார். பிரிட்டிஷ் இந்தியாவின் பேரரசு நிதியை மாகாணங்களுக்குப் பகிர்ந்தளித்த முறையே அப்பட்டத்துக்குரிய ஆய்வுப் பொருள். ரூபாயின் சிக்கலைப் பற்றிய ஆய்வேட்டைத் தேர்வாளர்கள் திருத்தி எழுதச் சொன்னார்கள். முடிவுகளை மாற்றாமல் திருத்தித் தந்து 1923-ல் டி.எஸ்ஸி. பட்டம் பெற்றார். அந்நூலுக்கு முன்னுரை எழுதிய கேனன் தம் மாணவரோடு கருத்து வேறுபட்டே எழுதினார் என்பது குறிப்பிடத்தக்கது. 1925-ல் மாகாண நிதியின் வளர்ச்சி பற்றிய பெருநூல் லண்டனில் வெளிவந்தது. முன்னுரை செலிக்மனுடையது, காணிக்கை பரோடா மன்னருக்கு. இந்நூலை முன்னிட்டே 1927-ல் கொலம்பியா அவருக்கு டாக்டர் பட்டம் அளித்தது.

இந்நூலை நம் மாணவர்கள் அவசியம் கற்க வேண்டும். கடினமான நூல்தான்; அதன் சாரத்தை மட்டும் இங்குத் தருகிறோம். 1833-ஆம் ஆண்டின் சாசனச் சட்டம் நாட்டின் கருவூலச் சாவியை இந்திய அரசின் கையில் ஒப்படைத்தது. மாகாணங்கள் வரி தண்டின. ஆனால் தண்டிய பணம் அவற்றுக்கு உரியதன்று. செலவுக்கு மேலிடத்திடம் கேட்டுப் பெற்றன. தன் பணமல்லாத பணத்தைச் சிக்கனமாகச் செலவிட யாருக்கு மனம் வரும்? உரக்கக் கேட்ட மாகாணத்துக்கு மிகுதியாகக் கிடைத்தது. 1857 கிளர்ச்சிக்குப்பின் கருவூலம் பற்றாக்குறையில் தத்தளித்தபோது, மேயோ பிரபு 1870-ல் வேறொரு வழியைக் கண்டார். காவல், கல்வி, சாலை, சிறை முதலிய துறைகளை மாகாணங்களிடம் ஒப்படைத்து, அவற்றுக்கென நிலையான தொகையை ஒதுக்கினார். 1877 முதல் தொகைக்குப் பதிலாகச் சில வருவாய் இனங்களே ஒதுக்கப்பட்டன. 1882 முதல் மையமும் மாகாணமும் வருவாயைப் பங்கிட்டுக் கொண்டன. ரிப்பன் பிரபு உள்ளாட்சித் தீர்மானம் கொணர்ந்ததும் அதே 1882-ல்தான்; சென்னை மாநகராட்சிக் கட்டடம் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

இவற்றையெல்லாம் அதிகாரப் பரவலாக்கம் என்று பிறர் போற்றியபோது அம்பேத்கர் உடன்படவில்லை. மாகாணங்களுக்குச் சட்டப்படி சொந்த வருவாயுமில்லை, கடன் வாங்கும் சுதந்திரமுமில்லை. மேலிடம் தன் வசதிக்காகச் செய்துகொண்ட ஏற்பாடே அது என்று ஆவணம் ஆவணமாகக் காட்டினார். நூலின் இறுதியில் அவர் மேலும் ஒருபடி சென்றார். மக்களுக்குப் பொறுப்பில்லாத அந்நிய அரசு, நிலவுடைமையாளரையும் வைதிகரையும் பகைத்துக்கொள்ள அஞ்சி, ஏழையின் உப்புக்கு வரி விதிக்கும். ஆனால் சமூகக் கொடுமையில் கை வைக்காது என்று எழுதினார். கணக்கு நூலில் இக்கருத்தை எதிர்பாராத வாசகர் பலர் வியந்திருப்பர்.

இனிக் குளக்கரைக்கு வருவோம். 1923 ஆகஸ்டில் எஸ். கே. போலே கொணர்ந்த தீர்மானத்தைப் பம்பாய்ச் சட்டமன்றம் ஏற்றது. பொதுப் பணத்தில் கட்டப்பட்ட அல்லது பராமரிக்கப்படும் நீர்நிலைகள், பள்ளிகள், மருத்துவமனைகள் முதலியவற்றைத் தீண்டப்படாதாரும் பயன்படுத்தலாம் என்பது அதன் பொருள். உரிமைக்கு அடிப்படையாகப் பொதுப் பணம் காட்டப்பட்டதை வாசகர் கவனிக்க வேண்டும். கொலாபா மாவட்டத்து மகாத் நகராட்சி 1924-ல் தன் சவதார் குளத்தைத் திறந்துவிட்டதாகத் தீர்மானம் இயற்றியது. தீர்மானம் தாளில் இருந்தது. குளத்தில் யாரும் இறங்கவில்லை. 1927 மார்ச் 20-ஆம் நாள் அண்ணல் ஆயிரக்கணக்கானோருடன் நடந்து சென்று நீரை அள்ளிப் பருகினார். திரும்பியவர்கள்மீது தாக்குதல் நடந்தது. ஆகஸ்டில் அதே நகராட்சி தன் தீர்மானத்தை இரத்து செய்தது. குளம் தங்களுக்கே உரியது என்று சாதி இந்துக்கள் சிலர் வழக்குத் தொடுத்தனர். 1937 மார்ச் 17-ல் உயர்நீதிமன்றம் அதை நிராகரிக்கும்வரை பத்தாண்டுகள் கடந்தன. ஓர் உள்ளாட்சி மன்றம் தந்த உரிமையை அதே மன்றம் ஒரு பிற்பகல் கூட்டத்தில் பறித்துவிட முடியும் என்பதை எந்த ஆய்வு நூலும் அவருக்கு இவ்வளவு தெளிவாகக் கற்பித்திராது.

போராட்டங்களுக்கிடையிலும் ஆசிரியப் பணி தொடர்ந்தது. 1925 முதல் 1928 வரை ஒரு கணக்கியல் பயிற்சி நிறுவனத்தில் வணிகச் சட்டம் கற்பித்தார். 1928-ல் பம்பாய் அரசு சட்டக் கல்லூரியில் பேராசிரியரானார். 1935 முதல் 1938 வரை அதன் முதல்வராக விளங்கினார்.

1932 செப்டம்பர் 24-ல் பூனா ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. பன்னிரண்டே நாள் கழித்து, அக்டோபர் 6-ல், கிராமப் பஞ்சாயத்து மசோதாவை எதிர்த்துப் பம்பாய்ச் சட்டமன்றத்தில் அவர் பேசினார். உள்ளாட்சியை அவர் எதிர்த்தாரா என்று இன்றும் கேட்போர் உண்டு. அவர் எதிர்த்தது காப்பில்லாத உள்ளாட்சியை. ஒவ்வொரு கிராமத்திலும் தீண்டப்படாதார் சிறுபான்மையினர்; வயது வந்தோர் அனைவருக்கும் வாக்கு அளித்தாலும் அவ்வாக்கு அவர்களுக்கு ஓரிடத்தைத் தாராது; ஆகவே தனியிடம் ஒதுக்கியே தீர வேண்டும், நியமனம் போதாது என்பது அவர் வாதம். பஞ்சாயத்துக்கு நீதி வழங்கும் அதிகாரம் கொடுப்பதையும் மறுத்தார். ஊராரால் தேர்ந்தெடுக்கப்பட்ட நீதிபதி, ஊராரை எதிர்த்து ஏழைக்கு எவ்வாறு நீதி வழங்குவார்?

1948 நவம்பர் 4-ல் அரசியல் நிர்ணய சபையில் வரைவுச் சட்டத்தை முன்வைத்தபோதும் அதே நிலையில் நின்றார். கிராமத்தை ஆட்சியின் அடிப்படையாக்காமல் தனி மனிதரை அடிப்படையாகக் கொண்டதில் அவர் மகிழ்ச்சியே தெரிவித்தார். உறுப்பினர் பலர் சினந்தார்கள். அம்மாதம் 22-ல் சென்னை மாகாணத்தைச் சேர்ந்த கே. சந்தானம் கிராமப் பஞ்சாயத்துகளை அமைக்க அரசு முயல வேண்டும் என்ற திருத்தத்தைக் கொணர, அண்ணல் மறுப்பின்றி ஏற்றார். அதுவே 40-ஆம் பிரிவு. நீதிமன்றத்தால் செயல்படுத்த இயலாத வழிகாட்டு நெறி அது. அதில் ஒதுக்கீடு பற்றி ஒரு சொல்லும் இல்லை. 1932-ல் கேட்ட காப்பை 1948-ல் அவர் ஏன் இதனுள் எழுதச் செய்யவில்லை என்று நாம் எண்ணிப் பார்த்ததுண்டு. கிராம ஆட்சியே சிறக்காது என்ற நம்பிக்கையால் அதனை அவர் விட்டுவிட்டார் போலும். அதன் பயனாக, நாற்பதாண்டுகளுக்கு மேல் நம் மக்களின் ஊராட்சி இடம் அந்தந்த மாநிலச் சட்டத்தின் தயவில் இருந்தது. அவர்மீது நாம் கொண்ட பக்தி இதைச் சொல்லத் தடையாகாது. ஆசிரியரிடம் வினாத் தொடுப்பது மாணவர் கடமை.

இதற்கிடையில் 1945-ல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவி, 1946-ல் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியைத் திறந்தார். 1950-ல் அவுரங்காபாத்தில் இன்னொரு கல்லூரி எழுந்தது. 1956 டிசம்பர் 6-ல் மறைந்தார்.

அவர் கேட்ட காப்பு, அரசியலமைப்பின் 73-ஆவது திருத்தமாக 1993 ஏப்ரல் 24-ல் நடைமுறைக்கு வந்தது. 243டி பிரிவு, மக்கள் தொகைக்கேற்ப ஊராட்சி உறுப்பினர் இடங்களையும் தலைவர் பதவிகளையும் ஒதுக்கியது. தமிழ்நாட்டில் 1994-ல் சட்டம் இயற்றப்பட்டு 1996-ல் தேர்தல் நடந்தது. ஒதுக்கப்பட்ட மேலவளவு ஊராட்சியின் தலைவர் முருகேசனும் உடனிருந்தோரும் 1997 ஜூன் 30-ல் பேருந்தை மறித்து வெட்டிக் கொல்லப்பட்டனர். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் 2006 வரை தலைவர் எவரும் பதவியில் நிலைக்க விடப்படவில்லை. வென்று நாற்காலியில் அமர்ந்தவர்களிடத்தும் கருவூலச் சாவி முழுமையாக இல்லை. காசோலையில் தலைவரோடு துணைத்தலைவரும் கையொப்பமிட வேண்டும் என்பது விதியாக இருந்தமையால், ஒதுக்கீடு இல்லாத அத்துணைப் பதவியைப் பெற்றவர் பேனாவைத் திறக்க மறுத்த நாட்களில், ஊராட்சியின் பணம் வங்கியிலேயே கிடந்தது.