பல் மருத்துவர் பாத்திமா ஜின்னா

முகம்மது அலி ஜின்னாவின் பழைய புகைப்படங்களைப் பார்த்தவர்கள், அவருக்கு அருகே வெண்ணிற முக்காடும் நரைத்த தலையுமாக நிற்கும் மெலிந்த பெண்மணி ஒருவரையும் பார்த்திருப்பார்கள். அவரை ஜின்னாவின் மனைவி என்று எண்ணிக்கொண்டோர் நம் கல்லூரியிலேயே இருக்கிறார்கள். அவர் ஜின்னாவின் தங்கை பாத்திமா. முறையாகப் பயின்ற பல் மருத்துவர். வரலாற்று மாணவி என்ற முறையில் பாகப்பிரிவினை பற்றிய நூல்களைப் புரட்டியபோது, பக்கத்துக்குப் பக்கம் அண்ணனுடன் வந்து, ஒரு சொல்லும் பேசாமல் போய்விடும் இந்த அம்மையாரைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. பிரிவினை அரசியலை ஏற்பதும் மறுப்பதும் வேறு செய்தி. அந்த வழக்கை நான் இங்கே எடுக்கவில்லை.

பாத்திமா 1893 ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் கராச்சியில் பிறந்தார். தந்தை ஜின்னாபாய் பூஞ்சா குஜராத்தி பேசும் வணிகர். பிள்ளைகள் எழுவர். மூத்தவர் முகம்மது அலி. அவருக்கும் பாத்திமாவுக்கும் ஏறத்தாழப் பதினேழு வயது வேறுபாடு. குழந்தைப் பருவத்திலேயே தாயை இழந்த அச்சிறுமி, எட்டு வயதளவில் தந்தையையும் இழந்தாள். அப்பொழுது பம்பாயில் பாரிஸ்டராகத் தொழில் நடத்திவந்த அண்ணனே அவளுக்குத் தாயும் தந்தையும் ஆனார். பெண்பிள்ளையைக் கிறித்தவக் கன்னியர் நடத்தும் விடுதிப் பள்ளியில் சேர்ப்பதா என்று உறவினர் முகம் சுளித்தனர். ஜின்னா அதைப் பொருட்படுத்தாமல் தங்கையைப் பாந்திராவில் உள்ள கான்வென்டில் சேர்த்தார். பின்னர் கண்டாலாவிலும் அவர் படித்தார். 1913 இல் சீனியர் கேம்பிரிட்ஜ் தேர்வில் தேறினார்.

1918 இல் ஜின்னா ரத்தன்பாயை மணந்தார். பார்சிச் செல்வர் சர் தின்ஷா பெட்டிட்டின் மகளான அவருக்கு அப்பொழுது வயது பதினெட்டு. அதுவரை அண்ணன் வீட்டை நிருவகித்துவந்த பாத்திமா அங்கிருந்து விலகி, அடுத்த ஆண்டு கல்கத்தாவுக்குப் புறப்பட்டார். இம்முடிவு எனக்கு வியப்பளிக்கிறது. அந்நாளில் படித்த குடும்பத்துப் பெண்கள் ஆசிரியப் பணிக்குச் சென்றார்கள். மிகச் சிலர் பொது மருத்துவம் படித்தார்கள். பல் மருத்துவம் என்பது ஆண்களுக்கே புதிய துறை. அமெரிக்காவில் அயோவாவில் பயின்று திரும்பிய டாக்டர் ஆர். அகமது 1920 இல் கல்கத்தாவில் நிறுவிய கல்லூரியே இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரி. (இவர் பின்னாளில் மேற்கு வங்கத்தில் டாக்டர் பி. சி. ராய் அமைச்சரவையில் அமைச்சராகவும் இருந்தார்.) அக்கல்லூரியில்தான் பாத்திமா பயின்றார். தமக்கை ஒருவர் கல்கத்தாவிலேயே இருந்தும், அவர் வீட்டில் தங்காமல் விடுதியில் தங்கிப் படித்தார் என்பதிலிருந்தே அவருடைய மனப்போக்கு விளங்கும்.

1923 இல் பம்பாய் திரும்பி, அப்துர் ரகுமான் தெருவில் சொந்தமாகப் பல் மருத்துவமனை ஒன்றைத் திறந்தார். முஸ்லிம் பெண் ஒருவர், மணமாகாதவர், சந்தடி மிக்க கடைத்தெருவில் பெயர்ப்பலகை மாட்டி நோயாளிகளின் வாயைத் திறந்து பார்த்துப் பல் பிடுங்கினார் என்றால், அது அக்காலத்தில் சிறு செய்தியன்று. அங்குப் பணி முடிந்ததும், தோபி தலாவில் இருந்த நகராட்சி மருந்தகத்துக்குச் சென்று ஏழைகளுக்கு ஊதியமின்றி மருத்துவம் செய்தார். இந்த வாழ்க்கை ஆறு ஆண்டுகள் நடந்தது.

1929 பிப்ரவரி 20 அன்று ரத்தன்பாய் காலமானார். அவருக்கு வயது இருபத்தொன்பது. மகள் தீனாவுக்கு ஒன்பது. ஜின்னாவோ, பிரிந்து வாழ்ந்த மனைவியின் மரணத்தால் உள்ளுக்குள் நொறுங்கியிருந்தார். பாத்திமா மருத்துவமனையை மூடிவிட்டு அண்ணன் வீட்டுக்குக் குடிபுகுந்தார். அதன்பின் அவர் அதை மீண்டும் திறக்கவில்லை. அப்பொழுது அவருக்கு முப்பத்தாறு வயதும் நிறையவில்லை.

இதைத் தியாகம் என்று ஒரே சொல்லில் பாராட்டிவிட்டு மேலே செல்ல எனக்கு மனம் வரவில்லை. நம் வீடுகளிலும் இது நடக்கிறது. குடும்பத்தில் ஓர் இடி விழுந்தால், படித்த அண்ணன் வேலையை விடுவதில்லை. படித்த தங்கைதான் விடுகிறாள். விட்டவள் உத்தமி என்று பெயர் வாங்குகிறாள். பாத்திமா இதை வருந்திச் செய்தார் என்று சொல்ல எந்தச் சான்றும் இல்லை. அண்ணன்பால் அவருக்கு இருந்த பற்று அத்தகையது. எனினும், கல்கத்தா விடுதியில் தனித்துத் தங்கிப் படித்தவர் அவரே என்பதை நான் மறக்கவில்லை.

அதற்குப் பிந்திய பத்தொன்பது ஆண்டுகளில் அண்ணன் சென்ற இடமெல்லாம் தங்கையும் சென்றார். 1930 க்குப் பிறகு ஜின்னா லண்டனில் தங்கி வழக்கறிஞர் தொழில் நடத்தியபோது, ஆம்ப்ஸ்டெட் வீட்டை நிருவகித்தார். 1940 லாகூர் மாநாட்டில் உடனிருந்தார். 1941 ஏப்ரலில் முஸ்லிம் லீக் மாநாடு நம் சென்னையில் நடைபெற்றது. அதற்காக வரும் வழியில் ரயிலிலேயே ஜின்னா மயங்கி விழுந்தபோது அவரைத் தாங்கிப் பிடித்தவர் பாத்திமாவே. ஜின்னாவின் நுரையீரலைக் காசநோய் அரித்துக்கொண்டிருந்ததைப் பின்னாளில் அறிந்த மிகச் சிலருள் அவர் ஒருவர். நாடு முழுதும் அறியாத அந்த இரகசியத்தைக் காத்தார், மருந்தும் கொடுத்தார். மருத்துவப் படிப்பு அந்த அளவில் பயன்பட்டது என்றே கொள்ளவேண்டும்.

1948 செப்டம்பர் 11. நோய் முற்றிய ஜின்னாவைக் குவெட்டாவிலிருந்து விமானத்தில் கராச்சிக்குக் கொண்டுவந்தார்கள். மௌரிப்பூர் விமானத்தளத்திலிருந்து புறப்பட்ட ஆம்புலன்சு சில மைல் தூரம் ஓடி நடுவழியில் நின்றுவிட்டது. மாற்று வண்டிக்காக ஒரு மணி நேரத்துக்கும் மேலாகக் காத்திருக்க நேர்ந்தது. அருகில் அகதிகளின் குடிசைகள், மேலே வெயில், உள்ளே காற்றே இல்லை. ஒரு நாட்டின் கவர்னர் ஜெனரல் தூக்குப் படுக்கையில் கிடக்க, முகத்தில் மொய்த்த ஈக்களைச் செவிலியும் தங்கையும் ஓர் அட்டைத் துண்டால் மாறி மாறி விசிறி ஓட்டினார்கள். லாரிகளும் பேருந்துகளும் போய்க்கொண்டிருந்தன. உடன் வந்த கார்களில் தூக்குப் படுக்கை நுழையாது. அன்றிரவு பத்து மணி இருபது நிமிடத்துக்கு ஜின்னா உயிர் நீத்தார்.

நிற்க. பாத்திமா அம்மையாரின் கதை இத்துடன் முடிந்துவிட்டது என்றுதான் ஆட்சியாளர்களும் எண்ணினார்கள். நாட்டின் அன்னை என்னும் பொருள்பட மாதரே மில்லத் என்று பட்டம் கொடுத்தார்கள். லாகூரில் 1948 இல் தொடங்கிய பெண்கள் மருத்துவக் கல்லூரிக்கு அவர் பெயரை வைத்தார்கள். மாலையும் மரியாதையும் குறைவின்றிக் கிடைத்தன. அவர் பேசத் தொடங்கியபோதுதான் இடர் வந்தது. 1951 இல் ஜின்னாவின் மூன்றாம் நினைவு நாளன்று வானொலியில் உரையாற்றினார். அரசைக் குறைகூறும் பகுதிகள் வந்தபோது ஒலிபரப்பு அறுந்து போயிற்று. இயந்திரக் கோளாறு என்று விளக்கம் கூறப்பட்டது. நம்பியவர்கள் குறைவு.

1958 இல் அயூப்கான் படைபலத்தால் ஆட்சியைப் பிடித்தபோது, அரசியல்வாதிகளின் சண்டையால் சலித்திருந்த பாத்திமா அதனை வரவேற்றார் என்பதையும் சொல்லியாக வேண்டும். புகழ்ச்சிக்காக எழுதுபவர்கள் இதனை விட்டுவிடுகிறார்கள். ஆறு ஆண்டுகளில் அவர் கருத்து தலைகீழாக மாறிற்று. 1964 இல் ஐந்து எதிர்க்கட்சிகள் ஒன்றுசேர்ந்து, அயூப்கானை எதிர்த்து நிற்குமாறு அவரை வேண்டின. எழுபத்தொரு வயதில் இசைந்தார். இலங்கையில் சிறிமாவோ பண்டாரநாயகா பிரதமராகி நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. நம் நாட்டில் இந்திரா காந்தி இன்னும் பிரதமராகவில்லை.

அவர் சின்னம் அரிக்கேன் விளக்கு. அயூப்கானின் சின்னம் ரோசாப்பூ. கிழக்குப் பாகிஸ்தானில் அவர் சென்ற ரயிலை நிலையந்தோறும் மக்கள் மறித்துக் கூடியதால், அது பல மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தது. முஜிபுர் ரகுமான் அவருக்காகப் பிரசாரம் செய்தார். பெண் நாட்டுத் தலைமை ஏற்கலாகாது என்ற கொள்கையுடைய ஜமாஅத்தே இஸ்லாமியே, இச்சமயத்துக்கு விதிவிலக்கு என்று கூறி அவரை ஆதரித்தது! மறுபுறம், பெண் ஆளக்கூடாது என்று மார்க்க அறிஞர் சிலரிடம் தீர்ப்பு வாங்கி ஆளுங்கட்சி பரப்பிற்று. மணம் செய்துகொள்ளாதவர் என்பதையும் மேடையில் பழியாகச் சொன்னார்கள். அண்ணன் வீட்டை நடத்துவதற்காகத் தொழிலையே விட்டவரைக் குடும்பம் அறியாதவர் என்று ஏசியதைப் படித்தபோது எனக்குச் சினமே வந்தது.

1965 ஜனவரி 2 அன்று வாக்குப்பதிவு. நாட்டு மக்கள் நேரே வாக்களிக்கும் முறை அன்று. இரு பகுதிகளிலும் தலைக்கு நாற்பதாயிரம் வீதம் எண்பதாயிரம் அடிப்படை ஜனநாயக உறுப்பினர்கள் மட்டுமே வாக்காளர்கள். கையளவு பேரை அதட்டுவதும் ஆசை காட்டுவதும் அரசுக்கு எளிது. அயூப்கான் 49,951 வாக்குகளும் பாத்திமா 28,691 வாக்குகளும் பெற்றதாக அறிவிக்கப்பட்டது. அத்தனைக்கும் நடுவே கராச்சியிலும் டாக்காவிலும் பாத்திமாவே வென்றார். கிழக்குப் பாகிஸ்தானில் அவருக்கு 18,434 வாக்குகள், அயூப்கானுக்கு 21,012. இந்த நெருக்கத்தைக் காணும்போது, ஆறே ஆண்டுகளில் அப்பகுதி வங்காளதேசமாகப் பிரிந்ததன் முன்னறிகுறியாகவே எனக்குப் படுகிறது.

அதன்பின் கராச்சியில் மொகத்தா மாளிகையில் தனித்து வாழ்ந்தார். சிவரத்தன் மொகத்தா என்னும் மார்வாரி வணிகர் கட்டி, பிரிவினையின்போது விட்டுச் சென்ற கட்டடம் அது. 1967 ஜூலை 8 அன்று, ஐதராபாத் சமஸ்தானத்தின் கடைசிப் பிரதமராக இருந்த மீர் லாயிக் அலியின் இல்லத் திருமணத்துக்குச் சென்று வந்தார். மறுநாள் காலை வெகுநேரமாகியும் கதவு திறக்கவில்லை. மாற்றுச் சாவி கொண்டு திறந்து பார்த்தபோது, படுக்கையில் உயிரற்றுக் கிடந்தார். மாரடைப்பு என்று அரசு அறிவித்தது. தலைநகரமாக இருந்த ஊரில், இத்தனை பெரிய மாளிகையில், அந்த இரவு துணைக்கு ஒருவரும் இல்லை.

இறுதி ஊர்வலத்தில் இலட்சக்கணக்கானோர் திரண்டனர். அண்ணனின் சமாதிக்கு அருகிலேயே அடக்கம் செய்யவேண்டும் என்பது அம்மையாரின் விருப்பம். அரசு வேறு இடத்தை எண்ணியிருந்தது. மக்களின் கொதிப்பைக் கண்டு இசைந்தது. ஊர்வலத்தில் கலகம் மூண்டது. தடியடியும் கண்ணீர்ப்புகையும் நடந்தன. சாவு இயற்கையானதன்று என்ற பேச்சு அன்றே கிளம்பிற்று. 1972 இல் ஒருவர் நீதிமன்றத்தில் விசாரணை கோரினார். பிற்காலத்தில் உறவினரும் கோரினர். மெய்ப்பிக்கப்பட்ட சான்று ஒன்றும் இன்றுவரை வெளிவரவில்லை. ஆகையால் வதந்தியை வரலாறு என்று எழுத நான் துணியமாட்டேன். ஆனால், முழுமையான பொது விசாரணை நடத்தியிருந்தால் வதந்திக்கு இவ்வளவு ஆயுள் இருந்திராது.

அம்மையார் தம் அண்ணனைப் பற்றி 1950 களில் ஒரு நூல் எழுதத் தொடங்கியிருந்தார். அது முற்றுப்பெறவில்லை. அவர் மறைந்து இருபது ஆண்டுகள் கழித்து, 1987 இல், "என் சகோதரர்" என்று பொருள்படும் ஆங்கிலத் தலைப்பில் அரசு சார்ந்த நிறுவனம் ஒன்று அதனை அச்சிட்டது. அப்பொழுதும் கையெழுத்துப் படியிலிருந்த சில பகுதிகளை நீக்கிவிட்டே வெளியிட்டார்கள்.