49 சதவிகித ஆதரவு

அமெரிக்காவில் கான்சாஸ் மாகாணத்தில் எம்போரியா என்று ஒரு சிறிய ஊர். அங்கே 1868-ல் பிறந்தவர் வில்லியம் ஆலன் வைட். 1895-ல் 3,000 டாலர் கடன் வாங்கி, உள்ளூர்ப் பத்திரிகையான எம்போரியா கெஜட்டை விலைக்கு வாங்கினார்.

1922-ல் ரயில்வே தொழிலாளர் வேலை நிறுத்தம் செய்தனர். அவர்களை ஆதரித்துக் கடைகளில் அட்டை வைக்கக் கூடாதென்று கவர்னர் ஹென்றி ஆலன் தடை போட்டார். கவர்னர், வைட்டின் நெருங்கிய நண்பர். அப்படியிருந்தும் பத்திரிகை அலுவலக ஜன்னலில் வைட் அட்டை வைத்தார். 49 சதவிகித ஆதரவு என்றே அதில் கண்டிருந்தது. வேலை நிறுத்தத்தை அவர் முழுவதும் ஒப்பவில்லை. வாய்ப்பூட்டையோ அடியோடு வெறுத்தார்.

வழக்குத் தொடரப்பட்டு, பிறகு கைவிடப்பட்டது. அப்போது எழுதிய தலையங்கத்துக்கு 1923-ல் புலிட்சர் பரிசு கிடைத்தது. அதே ஊரில், அதே பத்திரிகையின் ஆசிரியராகவே 1944-ல் காலமானார்.