சுல்தான் அபூபக்கரும் லண்டன் வழக்கும்

ஜொகூர் பாருவில் கடலைப் பார்த்து நிற்கும் சுல்தான் அபூபக்கர் பள்ளிவாசலில் ஜும்ஆ தொழாதவர் நம்மவரில் சிலரே இருப்பர். 1892ல் துவங்கிய அப்பள்ளியின் வேலை 1900ல்தான் முடிந்தது. கட்டப் பணித்த மன்னரோ 1895 ஜூன் 4ந் தேதி லண்டனில் காலஞ்சென்றுவிட்டார்.

தெமெங்கோங் தாயேங் இப்ராஹீமின் மைந்தராக 1833ல் பிறந்த அவர், 1862ல் பொறுப்பேற்றார். தஞ்சோங் புத்ரி என்ற சிற்றூர் 1866ல் ஜொகூர் பாருவாயிற்று. சீனக் குடியானவர்களுக்கு ஆற்றோரங்களைக் கொடுத்து மிளகும் கம்பீரும் பயிரிடச் செய்தார். வியாபாரத்தின் அருமை அறிந்த மன்னர் என்று நாம் தயங்காமல் சொல்லலாம். 1868ல் மகாராஜா, 1885ல் சுல்தான். மறைவதற்கு இரண்டு மாதம் முன்பு, 1895 ஏப்ரலில், எழுதப்பட்ட அரசியல் சட்டமும் தந்தார்.

ஆயினும் உலகெங்கும் சட்டப் புத்தகங்களில் அவர் பெயர் நிலைத்தது வேறொன்றால். மைகெல் என்ற ஆங்கில மாது அவர்மீது லண்டனில் வழக்குத் தொடுத்தார். ஆல்பர்ட் பேக்கர் என்ற பெயரில் பழகி, மணப்பதாக வாக்களித்துத் தவறினார் என்பது பிராது. வாக்களித்தாரா இல்லையா என்று கோர்ட்டு விசாரிக்கவே இல்லை. ஜொகூர் சுதந்திர நாடு என்று காலனி இலாகா கொடுத்த கடிதமே முடிவானது; மாற்றுப் பெயரில் வாழ்ந்ததால் மன்னர் தம் உரிமையை இழக்கவில்லை; கோர்ட்டின் முன்னிலையில் அவரே இணங்கினாலன்றி வழக்கு நடவாது என்று 1893ல் அப்பீல் கோர்ட்டு தீர்த்தது. அம்மாதின் குறை கேட்பாரற்றுப் போனது நமக்கு வருத்தமே.

இத்தீர்ப்பு வியாபாரிகளையும் பிடித்தது. கிளந்தான் அரசாங்கத்துடன் டஃப் கம்பெனி செய்த ஒப்பந்தத்தில், தகராறு வந்தால் மத்தியஸ்தம் என்று எழுதியிருந்தது. மத்தியஸ்தர் கம்பெனிக்குச் சாதகமாகவே தீர்த்தார். ஆனால் 1924ல் பிரபுக்கள் சபை ஜொகூர் வழக்கின் வழியே சென்று, முன்கூட்டி எழுதிய ஷரத்து இணக்கமாகாது என்று கூறிவிட்டது. கையெழுத்திருந்தும் பணம் வசூலிக்க வழியில்லை! பிரிட்டன் 1978ல் சட்டமியற்றிய பிறகே எழுத்து மூலமான ஒப்பந்தம் போதுமென்றாயிற்று.

மலேசியாவில் 1993ல் அரசியல் சட்டம் திருத்தப்பட்டு, சுல்தான்கள்மீது அவர்தம் சொந்தக் காரியங்களுக்காக வழக்குத் தொடுக்கத் தனிக் கோர்ட்டு ஏற்பட்டது. அதற்கும் அட்டர்னி ஜெனரலின் சம்மதம் முதலில் வேண்டும்.