அடையாறு வீட்டில் இருந்து போனவர் திரும்பவே இல்லை! கிரிக்கெட், டென்னிஸ் வீரர் கோட்டா ராமசாமியின் கதை

1985-ம் ஆண்டு அக்டோபர் 15-ந் தேதி. செவ்வாய்க்கிழமை.

சென்னை அடையாறில் ஒரு வீட்டில் இருந்து முதியவர் ஒருவர் வெளியே போனார். அவருக்கு வயது 89.

போனவர் அன்றைக்குத் திரும்பவில்லை. மறுநாளும் வரவில்லை. அதற்குப் பிறகு அவரை யாரும் பார்க்கவே இல்லை.

வயசான காலத்தில் வீட்டை விட்டுப் போனவர்கள் இந்த ஊரில் எத்தனையோ பேர். ஆனால் இவர் லேசுப்பட்ட ஆள் இல்லை. கிரிக்கெட், டென்னிஸ் இரண்டிலும் இந்தியாவுக்காக ஆடியவர். 40 வயசு முடிந்த பிறகு முதல் டெஸ்டில் இறங்கி, வெள்ளைக்காரர்களின் பந்தை அவர்கள் ஊரிலேயே விளாசியவர்.

அவர்தான் கோட்டா ராமசாமி.

லஸ் வீட்டுப் பிள்ளை

மயிலாப்பூர் லஸ் பக்கம் தினமும் பஸ் ஏறுகிறவர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. சென்னைக் கிரிக்கெட்டின் கதை அந்த லஸ்சில் இருந்துதான் தொடங்குகிறது என்பது அவர்களில் பலருக்குத் தெரியாது.

அங்கே லஸ் ஹவுஸ் என்ற பெரிய பங்களாவில் வாழ்ந்தவர் புச்சிபாபு நாயுடு. பணக்காரக் குடும்பம். விளையாட்டு என்றால் அவருக்கு உயிர்.

அந்தக் காலத்தில் சேப்பாக்கம் மைதானம் மெட்ராஸ் கிரிக்கெட் கிளப்பின் கையில் இருந்தது. அது வெள்ளைக்காரர்களின் கிளப். இந்தியர்கள் அங்கே ஆடப் போனாலும் கிளப் கட்டிடத்துக்குள் கால் வைக்க முடியாது. வெள்ளைக்காரர்கள் உள்ளே உட்கார்ந்து சாப்பிடுவார்கள். நம்மவர்களுக்கு மரத்தடிதான்.

இது புச்சிபாபுவுக்குப் பொறுக்கவில்லை. மனு எழுதிக்கொண்டு அவர் யார் வாசலிலும் போய் நிற்கவில்லை. 1888-ல் எஸ்பிளனேடில் மெட்ராஸ் யுனைடெட் கிளப் என்று இந்தியர்களுக்காகத் தனி கிளப்பையே தொடங்கிவிட்டார். வசதி இல்லாத பையன்களுக்குத் தன் செலவிலேயே மட்டையும் உடுப்பும் கொடுத்தார்.

அதோடு விடவில்லை. இந்தியர் அணியும் வெள்ளையர் அணியும் சரிசமமாக மோதும் மாகாணப் போட்டி ஒன்றை நடத்த வேண்டும் என்று பேசி, ஏற்பாடும் செய்தார். ஆனால் அந்த ஆட்டத்தைக் கண்ணால் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. 1908 டிசம்பரில் திடீரென்று காலமானார். வயது 40.

அப்போது அவருடைய கடைசி மகன் ராமசாமிக்கு 12 வயசு.

கோட்டா வந்த கதை

ராமசாமி பிறந்தது 1896-ம் ஆண்டு ஜூன் 16-ந் தேதி. தாய்வழித் தாத்தாவுக்கு ஆண் வாரிசு இல்லை. அதனால் பேரனையே சுவீகாரம் எடுத்துக்கொண்டார். தாத்தா வீட்டுப் பெயரான கோட்டா, பையன் பெயரோடு ஒட்டிக்கொண்டது அப்படித்தான். பெயர் மாறினாலும் ரத்தம் புச்சிபாபு ரத்தம் ஆயிற்றே! மட்டை கையை விட்டுப் போகவில்லை.

அண்ணன்மார் வெங்கடராமானுஜுலு, பாலையா இருவரும் நல்ல ஆட்டக்காரர்கள். தந்தை கனவு கண்ட மாகாணப் போட்டி 1915-ல் இருந்து பொங்கல் சமயத்தில் முறையாக நடக்க ஆரம்பித்தது. சேப்பாக்கத்தில் கூட்டம் அலைமோதும். தந்தை பார்க்காத அந்த ஆட்டத்தில் மூன்று மகன்களும் இந்தியர் அணிக்காக இறங்கினார்கள். கடைக்குட்டி ராமசாமி இடது கை ஆட்டக்காரர். அடித்து ஆடுவதில் பேர் வாங்கியவர்.

முதலில் டென்னிஸ்

படிப்புக்காக ராமசாமி இங்கிலாந்து போனார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது டென்னிஸ்.

டேவிஸ் கோப்பை என்பது நாட்டுக்கு நாடு மோதும் டென்னிஸ் போட்டி. இந்தியா அதில் முதன்முதலாகக் கலந்துகொண்டது 1921-ல். அடுத்த ஆண்டே, 1922-ல், ராமசாமிக்கு இடம் கிடைத்துவிட்டது. பிரிஸ்டல் நகரில் ருமேனியாவுடன் மோதல். ராமசாமி, ஃபைஸியுடன் ஜோடி சேர்ந்து இரட்டையர் ஆட்டத்தில் வெற்றி பெற்றார். இந்தியா அந்தச் சுற்றைக் கடந்தது. அதே ஆண்டு விம்பிள்டனிலும் ஆடினார்.

ஊர் திரும்பியதும் அரசாங்கத்தின் விவசாய இலாகாவில் உத்தியோகம். விளையாட்டைக் காட்டி நாலு காசு பார்க்கும் காலம் இல்லை அது. ஆபீஸ் வேலை ஒரு பக்கம், ஆட்டம் ஒரு பக்கம். லீவு கிடைத்தால்தான் மைதானம். சென்னை அணிக்காக ரஞ்சி போட்டியிலும் ஆடினார்.

வருஷங்கள் ஓடின. இந்தியா டெஸ்ட் கிரிக்கெட் ஆடத் தொடங்கியது 1932-ல். அப்போதே ராமசாமிக்கு 36 வயசு. இனி எங்கே வாய்ப்பு என்றுதான் எவரும் நினைத்திருப்பார்கள்.

40-ல் வந்த அதிர்ஷ்டம்

1936-ல் இங்கிலாந்து போக இந்திய அணி தேர்வாயிற்று. கேப்டன் விஜயநகரம் மகாராஜகுமார். பட்டியலில் ராமசாமி பெயரும் இருந்தது. சென்னையின் இன்னொரு வீரர் எம்.ஜே.கோபாலனும் இருந்தார். ஆக்கி ஆட பெர்லின் ஒலிம்பிக்குக்குப் போகலாமா, கிரிக்கெட் ஆட இங்கிலாந்து போகலாமா என்ற கேள்வி வந்தபோது கிரிக்கெட்டைத் தேர்ந்தெடுத்தவர் கோபாலன். ஆக்கி அணி தங்கப் பதக்கம் வென்றது. கோபாலனுக்கு அந்தப் பயணத்தில் ஒரு டெஸ்ட்கூடக் கிடைக்கவில்லை.

ராமசாமிக்கு வேறு மாதிரி நடந்தது. லார்ட்சில் நடந்த முதல் டெஸ்டில் இந்தியா தோற்றது. இரண்டாவது டெஸ்ட் ஜூலை 25-ந் தேதி மான்செஸ்டரில் தொடங்கியது. ராமசாமிக்கு அழைப்பு வந்தது. வயசு 40 முடிந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. 40 வயசைத் தாண்டி இந்தியாவுக்காக முதல் டெஸ்ட் ஆடியவர்கள் இரண்டே பேர். இன்னொருவர் பம்பாயின் ஜாம்ஷெட்ஜி.

முதல் இன்னிங்சில் இந்தியா 203 ரன்னில் சுருண்டது. அதில் ராமசாமி 40 ரன். இங்கிலாந்து 8 விக்கெட்டுக்கு 571 ரன் குவித்து ஆட்டத்தை நிறுத்திக்கொண்டது. இந்தியா அவ்வளவுதான் என்ற நிலை.

ஆனால் மெர்ச்சண்டும் முஷ்டாக் அலியும் தொடக்க ஜோடியாக 203 ரன் சேர்த்து அதிர வைத்தார்கள். இருவரும் சதம் அடித்தார்கள். அந்த ஜோடி பிரிந்த பிறகு வந்த ராமசாமியும் சளைக்கவில்லை. 60 ரன் எடுத்தார். தோற்க வேண்டிய ஆட்டம் டிரா ஆயிற்று.

அடுத்தது லண்டன் ஓவல் டெஸ்ட். இந்தியா தோற்றது. ஆனாலும் ராமசாமி 29 ரன் எடுத்தார். இரண்டாவது இன்னிங்சில் 41 ரன்னோடு கடைசி வரை அவுட் ஆகவில்லை.

நாலு இன்னிங்ஸ். மொத்தம் 170 ரன். சராசரி 56.66. இளவட்டங்கள் திணறிய இடத்தில் 40 வயசுக்காரர் எடுத்த கணக்கு இது.

அதோடு சரி. அடுத்து உலக யுத்தம் வந்தது. இந்தியா மறுபடி டெஸ்ட் ஆடியது 1946-ல். அப்போது ராமசாமிக்கு 50 வயசு. ஓவலில் அவுட் ஆகாமல் திரும்பியவர் மறுபடி டெஸ்டில் மட்டை பிடிக்கவே இல்லை.

ஆனாலும் விளையாட்டு அவரை விடவில்லை. 1952-53-ல் ஹசாரே தலைமையில் இந்திய அணி முதன்முதலாக வெஸ்ட் இண்டீஸ் போனபோது மானேஜராகப் போனவர் ராமசாமி. தன் விளையாட்டு வாழ்க்கையை ஆங்கிலத்தில் புத்தகமாகவும் எழுதினார்.

எங்கே போனார்?

வயசாகி அடையாறில் இருந்தார். 1985 அக்டோபர் 15-ந் தேதி வெளியே போனார். அவ்வளவுதான் தெரியும்.

இருக்கிறாரா என்றும் சொல்ல முடியவில்லை, இறந்தார் என்றும் சொல்ல முடியவில்லை. ஏழு ஆண்டுகளாகத் தகவலே இல்லாத ஒருவரை இறந்தவராகக் கொள்ளலாம் என்கிறது சட்டம். அந்தக் கெடு 1992-ல் முடிந்தது.

கிரிக்கெட் உலகின் பெரிய ஆண்டுப் புத்தகம் விஸ்டன். டெஸ்ட் வீரர்கள் பிறந்த தேதியும் இறந்த தேதியும் அதில் வந்ததுண்டு. ராமசாமி விஷயத்தில் அதுவும் திணறியது. இறந்ததாகக் கருதப்படுகிறது என்றுதான் போட முடிந்தது. எத்தனை ரன் அடித்தார், எந்த மைதானத்தில் அடித்தார், எப்படி அவுட் ஆனார் என்று எல்லாவற்றுக்கும் கணக்கு இருக்கிறது. கடைசி நாளுக்கு மட்டும் கணக்கு இல்லை.

சாதாரணக் குடும்பங்களுக்கும் இந்த வேதனை தெரியும். இறந்தவருக்கு அழுது தீர்க்கலாம். திதி கொடுக்கலாம். காணாமல் போனவருக்கு என்ன செய்வது? எந்த நாளில் விளக்கு ஏற்றுவது? வாசலில் காலடிச் சத்தம் கேட்டால் திரும்பிப் பார்க்கத்தானே தோன்றும்!

அழியாத பெயர்

தந்தை பெயர் நிலைத்துவிட்டது. புச்சிபாபு நினைவுக் கிரிக்கெட் போட்டி அவர் மறைவுக்குப் பிறகு தொடங்கி நூறு ஆண்டைத் தாண்டிவிட்டது. சில ஆண்டுகள் நின்றிருந்தது 2023-ல் மறுபடி உயிர் பெற்றது. வெளிமாநில அணிகள் எல்லாம் தமிழ்நாட்டுக்கு வந்து ஆடுகின்றன.

மரத்தடியில் சாப்பிட்டவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இன்று சேப்பாக்கத்தில் எந்த வாசலும் மூடியில்லை. அதற்கு முதல் கல்லை எடுத்துப் போட்டவர் லஸ்சில் இருந்த தந்தை. அந்தக் கல்லின் மேல் ஏறி நின்று இங்கிலாந்து வரை போய் ஆடிக் காட்டியவர் மகன்.

மகன் பெயர்தான் மெல்ல மங்கிவிட்டது. அவருக்கு ஒரு நினைவு நாள்கூடக் குறிக்க முடியவில்லை.

அடையாறு தெருக்களில் இன்றைக்கும் எத்தனையோ பெரியவர்கள் தனியாக நடந்து போகிறார்கள். அவர்களில் யார் எப்பேர்ப்பட்டவரோ! தடுமாறி நிற்கிற ஒருவரைப் பார்த்தால், எங்கே போகணும் ஐயா என்று ஒரு வார்த்தை கேட்டு, வீடு வரை கொண்டுபோய் விடுவதில் யாருக்கும் நஷ்டம் இல்லை.

1985-ல் அந்த ஒரு வார்த்தையை யாராவது கேட்டிருந்தால், ராமசாமி வீடு திரும்பியிருக்கலாம்.